ஞாயிற்றுக்கிழமை பாடாதே, மக்ளே

மக்ளே, இதை உனக்கு ஜெபின் வாசிக்கிறான். உனக்குத் தமிழ் பேச வரும், தமிழில் சண்டை போட வரும், பாட்டுக் கட்ட வரும். வாசிக்க மட்டும் வராது. திருவனந்தபுரத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளை நீ, உன் தமிழ்ப் பாட்டையே மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறவள். சரி, மலையாளத்திலேயே எழுதுவோம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். ஆரியசாலை மிளகாய்க் கடையில் இத்தனை வருஷம் மலையாளத்தில் பில் போட்ட கைதான், ஆனாலும் பெற்ற பிள்ளையிடம் கெஞ்சுவதற்கு அந்த எழுத்து எனக்கு வளையவில்லை. உன் பாட்டுக்குத் தாளம் சேர்க்கிற பாறசாலைக்காரன் ஜெபினுக்குச் சின்ன வயசிலிருந்தே பைபிளைத் தமிழில் வாசித்துப் பழக்கம். அதனால் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. அந்தக் கழக்கூட்டம் ஃபிளாட்டில் உன்னோடு இருக்கிற மற்ற பிள்ளைகளும் கேட்கட்டும். மறைத்து வைக்க என்னிடம் இனி மானம் ஒன்றும் மிச்சமில்லை. ஜெபின், நீ நல்லவன், ஆனால் பயந்தாங்கொள்ளி. அவள் ஒரு முறை முறைத்தால் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவாய். போகாதே. ஒரு வரி விடாமல் வாசி.

நீ வாய் திறக்காதே. இவன் வாசித்து முடிக்கிற வரைக்காவது ஒரு சொல் பேசாதே. இடையில் 'மதி, போதும், நிறுத்து' என்று கூடச் சொல்லாதே. கோபம் வந்தால் தலையணையை எடுத்து எறி. நான் கேட்பது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சங்குமுகம் கடற்கரை மேடையில் நீ பாடக் கூடாது. திங்கட்கிழமை காலையில் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். தொண்டை டாக்டர் உன் ஆப்பரேஷனுக்கு இன்னொரு தேதி கொடுத்திருக்கிறார். போன தேதிக்கு நீ வரவில்லை. நானும் உன் அம்மாவும் உன் மாற்றுத் துணியும் ஃபிளாஸ்க்குமாக அங்கே உட்கார்ந்திருந்தோம். நீ கொச்சிக்கு ரெக்கார்டிங் போய்விட்டாய் என்று உன் பாட்டுக் கம்பெனியின் இன்ஸ்டாகிராமைப் பார்த்து நர்ஸ் பெண்தான் எங்களுக்குச் சொன்னாள். இந்தத் தேதியும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். "தேதி நான் எப்ப வேணும்னாலும் தருவேன், ஆப்பரேஷன் பண்ண அங்க ஏதாவது மிச்சம் இருக்கணும்" என்றார். அவர் பயமுறுத்துகிற ஆள் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ என் நம்பரை பிளாக் செய்ததற்கான விஷயத்தை முதலில் பேசிவிடுகிறேன். ஆமாம், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது நான்தான். கடற்கரையில் அவ்வளவு பெரிய ஒலிபெருக்கி வைத்தால் வயசானவர்களுக்கு நெஞ்சு அடைக்கிறது, அனுமதி கொடுக்காதீர்கள் என்று மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எனக்குத்தான் வயசாகிறது, எனக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது, அதில் பொய் ஒன்றும் இல்லை. எஸ்.ஐ. மனுவை வாசித்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு எழுந்து நின்று "வத்தலின்டெ அச்சனல்லே?" என்று கேட்டார். ஆமாம், வத்தலின் அப்பாதான் என்று சொன்னதும் நாற்காலி வந்தது, டீ வந்தது, அவருடைய மகளுக்கு மேடைக்குப் பக்கத்தில் நிற்க இரண்டு பாஸ் கிடைக்குமா என்று கேள்வியும் வந்தது. நான் அழுதுவிட்டேன் மக்ளே. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தோளில் தட்டினார். அவர்தான் நல்லெண்ணத்தில் நிகழ்ச்சிக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், அது உன் காதுக்கு வந்தது. செய்தது கேவலம்தான். ஆனால் நீ போனை எடுக்காதபோது, கதவைத் திறக்காதபோது, ஒரு மனுஷன் வேறு எங்கே போவான்? கொச்சிக் கம்பெனி வாசலிலும் போய் நின்று பார்த்தேன். அந்தப் பையன்கள் எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

வத்தல் என்ற பெயர் எனக்கு முதலில் பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். நாங்கள் வைத்த பெயர் நல்ல பெயர், ஜாதகம் பார்த்து வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் உன் யூனிஃபார்மில் மிளகாய் நெடி அடிக்கிறது என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வைத்த பட்டம் அது. நீ அழுதுகொண்டு வந்து நின்ற நாளில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் சண்டை போட்டேன். அதையே நீ மேடைப் பெயராக வைத்துக்கொண்டு மானவீயம் வீதியில் மைக்கைப் பிடித்து நின்றபோது, இந்தப் பெண்ணுக்கு ரோஷம் இல்லையா என்று கூட்டத்தின் கடைசியில் நின்று பல்லைக் கடித்தேன். பிறகு நீ பாட ஆரம்பித்தாய். சோல் என்பாய், ஹிப்ஹாப் என்பாய், எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் இன்றைக்கும் தெரியாது. பாடுகிற மாதிரி ஆரம்பித்து, பாதியில் வழக்குப் பேசுகிற மாதிரி அடுக்கிக்கொண்டே போய், திரும்பப் பாட்டுக்குள் வந்து விழுந்தாய். மூக்கைப் பொத்தின பிள்ளைகளைப் பற்றித்தான் பாட்டு. என் பக்கத்தில் நின்ற ஒரு பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறுநாள் கடைக்கு வந்த ஆளிடமெல்லாம் 'வத்தல் நம்ம பிள்ளையாக்கும்' என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

விருதுநகர் உனக்கு நினைவிருக்கிறதா? ஸ்கூல் லீவில் என்னோடு சரக்கு வாங்க வருவாய். மண்டியில் தரகர் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் மறைத்துத் துண்டைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு வாய் பேசக் கூடாது. விரலைப் பிடித்துத்தான் விலை. பிடிக்கவில்லை என்றால் கையை உருவிக்கொள்ளலாம். சம்மதம் என்றால் உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து ஒரு அழுத்து. அழுத்தினால் முடிந்தது, அதற்கு மேல் யாரும் மாற்ற மாட்டார்கள். என் மடியில் உட்கார்ந்திருந்த நீ, நாங்கள் துண்டுக்குள்ளே ஏதோ விளையாடுகிறோம் என்று நினைத்து உன் சின்னக் கையை நுழைத்துத் தரகரின் கையைப் பிடித்து அழுத்திவிட்டாய். நான் அந்த விலைக்குச் சம்மதிக்கவே இல்லை.

"அண்ணாச்சி, வியாபாரம் முடிஞ்சிருச்சு" என்றார் தரகர்.

"அது பிள்ளைக் கையில்லா அண்ணாச்சி?"

"துண்டுக்குள்ள எந்தக் கைன்னு எனக்கு எப்படித் தெரியும்? கை கைதான?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சரக்கை எடுத்துக்கொண்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் "நான் செஞ்சது தப்பாப்பா?" என்று கேட்டாய். இல்லை மக்ளே, நல்ல சரக்குதான் என்றேன். அதிலிருந்து அது நம் இரண்டு பேருக்குமான வழக்கமாகப் போயிற்று. பல் பிடுங்கப் போனபோது, பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு, நீ படிப்பை விட்டுவிட்டுப் பாடப்போகிறேன் என்று எங்கள் முன்னால் வந்து நின்ற அன்றைக்குக்கூட, என் தோளில் கிடந்த துண்டை நீயே எடுத்து நம் கைகளின் மேல் போட்டாய். உன் அம்மா அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தாள். துண்டுக்குள்ளே உன் கை ஐஸ் மாதிரி இருந்தது. நான் அழுத்தினேன். அன்றைக்கு நான் கொடுத்த சம்மதத்தை இதுவரை திரும்ப வாங்கவில்லை. இந்தக் கடிதத்திலும் வாங்கவில்லை. ஜெபின், இந்த வரியை இன்னொரு தடவை வாசி, அவள் காதில் விழவேண்டும்.

உன் முதல் பாட்டை நம் குடோனில் அல்லவா பதிவு செய்தீர்கள்? நான்கு பக்கமும் மூட்டை அடுக்கியிருந்தால் எதிரொலி வராது, ஸ்டூடியோவே வேண்டாம் என்று ஜெபின் கண்டுபிடித்தான். லோடு இறக்குகிறவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஃபேனை அணைத்துவிட்டு, வியர்த்து வழிய நீ பாடினாய். நான் ஓரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் மிளகாய் நெடிக்குத் தும்மாதவன், சரியாகப் பாட்டு முடிகிற இடத்தில் தும்மிவிட்டேன். நீ என்னைக் கொன்றுவிடுவாய் என்று நினைத்தேன். ஜெபின் அந்தத் தும்மலை வெட்டி எடுத்துத் தாளத்துக்குள் வைத்துவிட்டான். இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்கே ஓடினாலும் என் தும்மல் கேட்கிறது. சாலை பஜாரில் ஆட்டோக்காரர்கள் என்னைப் பார்த்தால் தும்மிக் காட்டுகிறார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது, நான் அதைக் குறை சொல்லவில்லை. அந்த நெடியிலும் வியர்வையிலும் மணிக்கணக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு நின்றாயே, அப்போது யாராவது ஒருத்தர் 'போரும் பிள்ளே, வெளிய வா' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவன் தும்மாமல் இருப்பதில் கவனமாக இருந்தான்.

அதற்குப் பிறகு கல்லூரி மேடைகள், உன் குரல் உனக்கே கேட்காத ஸ்பீக்கர்கள், போன மழைக்காலத்தில் முதல் ஆப்பரேஷன். டாக்டர் உன்னிடம் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "ஒரு வாக்கு மிண்டருது." ஒரு சொல் வாய் திறக்கக் கூடாது, காயம் ஆறுகிற வரைக்கும் சைகை மட்டும்தான். முதல் சில நாள் நாம் எவ்வளவு நன்றாக இருந்தோம்! துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் காபி வேண்டுமா, வலிக்கிறதா, டிவியை மாற்றவா, எல்லாம் கையிலேயே முடிந்தது. உன் அம்மாவுக்குக்கூடப் பொறாமையாக இருந்தது. பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நம் ஆட்களைத்தான் தெரியுமே. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தர் வந்தால் போதும், நாகர்கோவிலிலிருந்து, வள்ளியூரிலிருந்து, தைக்காட்டிலிருந்து, ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக எல்லோரும் வந்தாக வேண்டும். வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளைக்கு அதற்கப்புறம் ஒரு பேர் வந்துவிடும். உன் அத்தை வந்து கட்டிலில் உட்கார்ந்து உன் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடே, பிள்ளைக்குப் பேச்சே வராதா? டாக்டரு ஊமையாக்கிப் போட்டானா? நாளைக்கு ஒரு எடத்துல குடுக்காண்டாமா?"

எனக்குச் சுருக்கென்றது. "பேச்செல்லாம் வரும் அக்கா" என்றேன். உன்னைப் பார்த்து, "மக்ளே, அத்தைக்கு ஒண்ணு சொல்லு. சத்தம் வேண்டாம், காத்துல சொன்னா போரும்" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். என் தோளில் கிடந்த துண்டுக்குக் கையை நீட்டினாய். அத்தைக்கு முன்னால் அந்த விளையாட்டு எதற்கு என்று நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். நீ காற்றுக் குரலில் "நல்லா இருக்கேன் அத்தை" என்றாய். அவளுக்குத் திருப்தி. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருத்தருக்கும் அதே போலச் சொல்லவைத்தேன். எப்படி ஆரம்பித்தது, எங்கே வலித்தது, டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் காற்றுக் குரலில். ஆறிக்கொண்டிருக்கிற தொண்டைக்கு, சத்தம் போட்டுப் பேசுவதைவிட அப்படிக் கிசுகிசுப்பது இன்னும் கெடுதல் என்று மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சொன்னார். "யாரு பறஞ்ஞு இங்ஙனெ சம்சாரிக்கான்?" என்று கேட்டார், யார் சொல்லி இப்படிப் பேசினாய் என்று. நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தோளைக் குலுக்கினாய். அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சரியாக ஆறாத அந்தத் தொண்டையிலிருந்துதான் இந்தக் கரகரப்பு வந்தது. முன்னால் இருந்ததைவிட அதிகமாக, அடிவயிற்றிலிருந்து கிளம்பி எங்கேயோ தட்டுப்பட்டு வருகிற மாதிரி. கொச்சிக் கம்பெனிக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் உன்னைத் தேடி வந்தார்கள். இப்படி ஒரு குரல் நம் பக்கத்தில் இல்லவே இல்லை என்று பேட்டியில் சொன்னார்கள். பெங்களூர், துபாய் என்று ஊர் ஊராக மேடை வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், உன் அத்தையும் டிவியைப் பார்த்துத் தட்டினாள். அது ஒரு புண் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுகிறாய் என்று ஜெபின் போன மாதம்தான் என்னிடம் சொன்னான். அதற்காக அவனைக் கோபிக்காதே. அவனும் அழுதான்.

கோழிக்கோட்டுக்கு நான் ரயிலேறி வந்ததும் அதனால்தான். உன்னிடம் சொல்லவில்லை. கூட்டத்தில் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு வழுக்கைத்தலை நான்தான். நடுவில், எல்லோருக்கும் தெரிந்த உன் வித்துரா பஸ் பாட்டை எடுத்தாய். மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, ஆனால் வெறும் காற்றுதான் வந்தது. ஜனங்கள் அது பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்து அவர்களே மிச்சத்தைப் பாடினார்கள், போன் லைட்டை ஆட்டிக்கொண்டு. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? அந்த அழகுக்கு நடுவில் நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன ஒன்றைத் தேடுகிற மாதிரி நின்றாய். நான் "போரும், இறங்கு மக்ளே, போரும்" என்று கத்தினேன். உன் கண் என்னைக் கண்டுபிடித்துவிட்டது. திரும்பி வருகிற காரில் நீ சொன்ன ஒரே வார்த்தையும் காற்றுக் குரலில்தான் வந்தது. "எனக்கு வேண்டி நீங்க பேரம் பேசாண்டாம் அப்பா."

மறுநாள் டாக்டர் கேமராவை விட்டு எடுத்த படத்தைக் காட்டினார். குரல்நாணின் ஒரு பக்கத்தில் பழுத்த மணத்தக்காளி மாதிரி சிவப்பாக ஒரு கொப்புளம். இன்னும் ஒரு தடவை அவ்வளவு பலமாகப் பாடினால் அது உடைந்து ரத்தம் கட்டலாம், அப்புறம் தழும்பாகிவிட்டால் பாட்டு மட்டுமில்லை, போனில் ஹலோ சொல்வதுகூடக் கஷ்டம் என்றார். இப்போது எடுத்துவிட்டு முழு மௌனமாக இருந்தால் பாடலாம், ஆனால் குரல் தெளிந்துவிடும் என்றும் சொன்னார். நான் அதைக் கேட்டுக் கும்பிட்டேன். உனக்கு அது தூக்குத் தண்டனை மாதிரி இருந்திருக்கிறது. வெளியே வந்து செல்போனில் மலையாளத்தில் டைப் அடித்துக் காட்டினாய். கரகரப்புப் போனால் நான் வெறும் நல்ல பாட்டுக்காரி, நல்ல பாட்டுக்காரி இங்கே எத்தனை வேண்டுமானாலும் உண்டு, வத்தல் ஒருத்திதான் என்று. உன் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனி விட்டுவிட்டுப் போகலாம். கூட்டம் குறையலாம். நிறத்தைப் பார்த்து மிளகாய் வாங்குகிறவன் அடுத்த வருஷம் வேறு கடைக்குத்தான் போவான், அதை என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஆனால் ஒன்று கேட்கிறேன். வித்துரா பஸ் பாட்டை நீ முதலில் எங்கே பாடினாய் என்று யோசித்துப் பார். மேடையில் இல்லை. நம் வீட்டு அடுக்களையில், தேங்காய் துருவிக்கொண்டு. உன்னோடு காலேஜில் படித்த அந்தப் பொன்முடிப் பெண், எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வந்தவள், வித்துராவில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, மலைக்குப் போகிற ரோட்டில் தனியாக நின்ற கதையை உன்னிடம் சொல்லியிருந்தாள். நீ அதை முணுமுணுப்பாகத்தான் பாடினாய். அப்போது உனக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை, தெளிவான குரல். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். நான் சட்டையைப் பாதி மாட்டினபடி நின்றேன். பஸ் போன பிறகு அந்தப் பெண் நிற்கிற ரோட்டில் நானும் நின்றேன் மக்ளே. கரகரப்பா என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது? நீதான் நிறுத்தினாய். அந்தப் பாட்டை எழுதத் தெரிந்த பெண் தொண்டையில் இல்லை, வேறு எங்கேயோ இருக்கிறாள். அவளுக்கு வெளியே வர ஒரு வழி வேண்டும், அந்த வழியைத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை அடைக்கப் போகிறாய்.

உன் அம்மா வேறு மாதிரி சொல்கிறாள். "பாட்டு போனாப் போட்டு, எனக்கு அவ அம்மைன்னு கூப்பிடுத சத்தம் இருந்தாப் போரும்" என்கிறாள். நீ முன்னால் அனுப்பின வாய்ஸ் மெசேஜ்களைச் சமைக்கும்போது போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். 'அம்மே, புளிக்குழம்பு வச்சாச்சா', 'அம்மே, வர லேட்டாகும்', இதையே திரும்பத் திரும்ப. எனக்கு அதைக் கேட்கப் பொறுக்காமல் கடைக்குப் போய்விடுகிறேன். நீ உயிரோடு கழக்கூட்டத்தில் இருக்கும்போது வீட்டில் இப்படி ஒரு சத்தம் ஏன் கேட்க வேண்டும்? ஆனால் எனக்கு உன் அம்மா மாதிரி அம்மே என்கிற சொல் மட்டும் போதாது. நான் பேராசைக்காரன். எனக்குப் பாட்டும் வேண்டும். உனக்கு நரைத்த பிறகு, பேரன் பேத்தி எடுத்த பிறகு, நான் இல்லாத ஒரு காலத்தில் நீ ஏதோ ஒரு மேடையில் உட்கார்ந்து பாட வேண்டும், அதில் என் தும்மல் வர வேண்டும். பாடுவதை விட்டுவிடு என்று சொல்கிற அப்பன் என்று நீ என்னை நினைத்தால் அதைவிட அநியாயம் இல்லை. எனக்கு இரவும் பகலும் ஒரே பயம்தான். தூங்க முடியவில்லை, கடையில் எடை போடும்போது கை நிற்கிறது, யார் என்ன கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் வாயில் வருகிறது.

இனி நான் செய்யப் போவதைச் சொல்கிறேன். ஜெபின் இதை வாசிக்கிற நேரத்தில் உங்கள் ஃபிளாட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். பால்கனிக்கு வந்தால் தெரியும், நம் கடை வேன் பக்கத்தில் நிற்கும். அங்கிருந்து கூப்பிடாதே. கத்தாதே. இறங்கி வா. லிஃப்டில் யாராவது வத்தல் தானே என்று கேட்டால் சிரித்துவிட்டு வா. என் பக்கத்தில் உட்கார். துண்டை மடியில் விரித்து வைத்திருக்கிறேன், அன்றைக்கு அத்தைக்கு முன்னால் நான் கொடுக்காத அதே துண்டு. நான் எதுவும் பேச மாட்டேன், என் கேள்வி இப்போதே உன் காதில் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாட மாட்டேன், திங்கட்கிழமை வருவேன் என்றால் அழுத்து. ஆப்பரேஷனுக்குப் பிறகு உன்னைப் பார்க்க எத்தனை பேர் ஹார்லிக்ஸோடு வந்தாலும் நான் வாசலிலேயே நிறுத்துகிறேன், என்ன பேர் வந்தாலும் வரட்டும். மலையும் கடலும் இடிந்து விழுந்தாலும் உன்னை ஒரு சொல் பேச விட மாட்டேன். நம் கைகள் இருக்கின்றன.

இல்லை என்றால் கையை உருவிக்கொள்ளலாம் என்பது முறை. மண்டியில் எந்தத் தரகர் கையை உருவினாலும் நான் மறுபேச்சில்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன். உனக்கும் அந்த மரியாதையைக் கொடுப்பேன் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். நீ வளர்ந்த பிள்ளை, தொண்டை உன்னுடையது, பாட்டு உன்னுடையது, பேரம் பேசாதே என்று நீயே சொல்லிவிட்டாய். எல்லாம் சரி. ஆனால் என்னால் முடியாது மக்ளே. நீ கையை உருவினால் நான் விட மாட்டேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். டீக்கடையில் எல்லோரும் பார்க்கட்டும், நீ உதறு, கடி, என்ன வேண்டுமானாலும் செய். நான் பிடித்துக்கொண்டே இருப்பேன்.

ஜெபின், வாசித்தது போதும். கதவைத் திற.